உடுப்புக்கொடியிலை ஒரு சுரைத்தோட்டம்

எனக்கு முந்தி இந்த வீட்டிலை வேலைக்கு இருந்த பிள்ளையின்ர காலத்திலை, நாங்கள் சிஞ்ஞோரா எண்டு கூப்பிடுற வீட்டுக்காரக் கிழவி ஒருநாள் படுக்கிற உடுப்போடை இறங்கிக் கடற்கரைக்கு நடந்து போயிட்டாவாம். தன்ர பேரே மறந்துபோன மனுசி. மீன் விக்கிற ஒருத்தர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவராம். அண்டையிலை இருந்து சிஞ்ஞோராவின்ர மகள் காலமை வேலைக்குப் போகேக்கை கதவை வெளியாலை பூட்டித் திறப்பைக் கொண்டு போயிடுவா. உள்ளுக்கை தாயும் நானும். "உனக்கும் பாதுகாப்புத்தானே" எண்டு எனக்குச் சொன்னா. நான் வன்னியிலை இருந்து வந்தவள், முள்ளுக்கம்பி முகாமுக்குள்ளை கிடந்து எழும்பினவள். பாதுகாப்பு எண்டு சொல்லிப் பூட்டினால் என்ன அர்த்தமெண்டு எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கை சும்மா பூட்டி வைச்சவை, இஞ்சை சம்பளம் தந்து பூட்டுகினம். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு, அப்ப ஒரேத்தோப் பக்கம் என்ர புருசன் வாடகைக்கு இருக்கிற அறைக்குப் போவன். மற்றும்படி இத்தாலியிலை, பலெர்மோவின்ர கால்சாப் பகுதியிலை, அந்த நாலாம் மாடிதான் என்ர உலகம்.

குசினி யன்னலைத் திறந்தால் கிணறு மாதிரி ஒரு வெளி. சுத்திவர சுவர், மேலை ஒரு துண்டு வானம். எதிர் யன்னல் வேறை வீடு. ரெண்டு யன்னலுக்கும் நடுவிலை நாலு உடுப்புக்கொடி, கப்பியிலை ஓடும். இந்தப் பக்கம் இழுத்தால் என்ர உடுப்பு எதிர் யன்னலுக்குப் போகும், அந்தப் பக்கம் இழுத்தால் அவவின்ரது எனக்கு வரும். அவ எண்டது பஞ்சாபிலை இருந்து வந்த ஒரு மனுசி. படுத்த படுக்கையாக் கிடக்கிற ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை. நான் அவவை அக்கா எண்டுவன், அவ என்னைத் தீதி எண்டுவா. ரெண்டும் ஒண்டுதான். ஆர் மூத்தவள் எண்டு ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை.

என்ர சிஞ்ஞோராவும் அவவின்ர கிழவரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயருவினம். அதுதான் எங்கட நேரம். அரைகுறை இத்தாலியனிலை கதைப்பம். முதலிலை முதலாளியளைப் பற்றித் திட்டு, பிறகு முழங்கால் நோ, பிறகு பிள்ளையள். அவவுக்கு ஒரே ஒரு மகன், இருபத்திரண்டு வயசு. புருசன் இல்லை. ஊரிலை ஒரு துண்டு நிலம், அதை அவன்தான் பார்க்கிறான். பக்கத்து வீட்டுப் பெடியள் எல்லாம் ஒவ்வொருத்தனா வெளிநாடு போட்டாங்கள். போனவங்கள் ஃபோனிலை கடற்கரையிலை நிண்டு படம் அனுப்புறாங்கள். மாட்டுக்கொட்டிலுக்குள்ளை படுக்கிற படத்தை ஆர் அனுப்புவான்?

"அவன் இஞ்சை வரக்கூடாது, தீதி" எண்டு அக்கா சொன்னா. "நான் வந்தது காணும். இந்தக் கோடைப் பயிர் சரி வந்தால் அவன் நிலத்திலை நிப்பான். பிழைச்சால் ஏஜென்சிக்காரன்ர வாசலிலை நிப்பான்."

அப்பிடித்தான் நான் பஞ்சாபிலை தோட்டம் செய்ய வெளிக்கிட்டன், பலெர்மோவிலை ஒரு பூட்டின வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு.

பக்கத்துப் பக்கத்திலை நாலு வீட்டுக்காரர், நாலும் சின்னத் துண்டு நிலம், நாலுக்கும் சேர்த்து ஒரு குழாய்க் கிணறு. உருளைக்கிழங்கு கிண்டி எடுத்த பிறகு அந்த நிலம் கோடைக்குச் சும்மா கிடக்கும். மற்றவை கோதுமை வெட்டும் வரைக்கும் காத்திருந்து பிந்தித்தான் மரக்கறி போடுவினமாம். முந்திப் போட்டால் நல்ல விலை. ஆனால் தை மாசக் குளிர் விதையை எழும்ப விடாது. அதுக்கு அக்காவிட்டை ஒரு வழி இருந்தது. சின்னப் பொலித்தீன் பைகளிலை எருவும் மண்ணும் போட்டு, விதையை அதுக்குள்ளை முளைக்க வைச்சு, மேலை பிளாஸ்டிக் கூடாரம் இழுத்து மூடி, கண்டாக்கி வைச்சிருக்கிறது. குளிர் போனவுடனை கண்டைத் தூக்கி நடுறது. மற்றவன் விதை போடேக்கை எங்கட சுரை பந்தல் ஏறிவிடும்.

எனக்குக் குளிர் தெரியாது, ஆனால் சந்தை தெரியும். "நாலு வீடும் ஒரே நாள் நட்டால் நாலு வீடும் ஒரே நாள் காய் கொண்டு போகும். பிறகு ஆர் விலை கேப்பான்?" எண்டு நான் கேட்டன். எங்கட பக்கத்திலை பூசணிக்காய் றோட்டோரத்திலை குவிஞ்சு அழுகினதைப் பார்த்தவள் நான். அக்காவுக்குக் கோவம் வந்திட்டுது. முந்தி வாற காய்க்குத்தான் விலை, எல்லாத்தையும் முந்திப் போடோணும் எண்டு நிண்டா. நானும் விடேல்லை. "ஒரு கிணத்துத் தண்ணியை நாலு வீடும் ஒரே நாளிலை எப்பிடி இறைக்கிறது? தலையாலையோ?" ரெண்டு நாள் கதைக்கேல்லை. உடுப்பு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

மூண்டாம் நாள் மத்தியானம் யன்னலைத் திறக்க, நாலு கொடியிலையும் உடுப்பே இல்லாமல் கிளிப் மட்டும் கொழுவியிருந்தது. முதல் கொடி அவவின்ர மகன்ர நிலம், மற்ற மூண்டும் மற்ற மூண்டு வீடு. சிவப்புக் கிளிப் சுரை, பச்சை பாவல், மஞ்சள் வெண்டி, நீலம் கெக்கரி. அவவின்ர யன்னல் பக்கம் இருக்கிறது முந்தி நடுறது, என்ர பக்கம் வர வரப் பிந்தினது. நான் சொன்ன மாதிரியே ஒவ்வொரு கொடியிலையும் சிவப்பை வேறை வேறை இடத்திலை கொழுவியிருந்தா. நான் ஒரு பச்சையை மட்டும் கழட்டித் தள்ளிக் கொழுவினன். அவ தலையை ஆட்டினா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதுதான் வேலை. மகன் ஃபோனிலை ஏதும் சொன்னால் கிளிப் இடம் மாறும். ஒரு வீட்டுக்காரன் சுரை வேண்டாம், வெண்டிதான் போடுவன் எண்டு அடம்பிடிச்சான். மூண்டாம் கொடி முழுக்க மஞ்சளாப் போச்சு. இன்னொருத்தன்ர துண்டு கிணத்துக்குத் தூரம். தண்ணி கனக்கக் கேக்கிற கெக்கரியை அவனுக்கு வேண்டாமெண்டு கழட்டினம். உடுப்புக் காயப்போட இடமில்லாமல் போச்சு. ஈர உடுப்பெல்லாம் குளிக்கிற அறையிலை தொங்கும். ஒருநாள் சிஞ்ஞோராவின்ர மகள் வந்து கொடியைப் பார்த்திட்டு, என்னத்துக்கு இவ்வளவு கிளிப் சும்மா தொங்குது எண்டு எல்லாத்தையும் கழட்டிக் கூடைக்குள்ளை போட்டிட்டா. ஒரு தோட்டத்தையே அறுத்துக் கொட்டின மாதிரிக் கிடந்தது எனக்கு. அடுத்த நாள் இருந்து நினைச்சு நினைச்சு திரும்பக் கொழுவினம். என்ர ஞாபகமும் அவவின்ர ஞாபகமும் ஒரு இடத்திலைதான் பிசகிச்சுது.

விதையை ஊறப்போட்ட அண்டைக்கு நாங்களும் ஊறப்போட்டம். வியாழக்கிழமை நான் பல்லரோச் சந்தையிலை வங்காளியின்ர கடையிலை சுரை விதை வாங்கிக்கொண்டு வந்து, கொடியிலை ஒரு பையைக் கட்டி அவவுக்கு அனுப்பினன். மகன் அங்கை ஈரத்துணியிலை முடிஞ்சு வைக்கோலுக்குள்ளை புதைச்சு வைச்சான். அக்கா இஞ்சை ஈரத்துணியிலை முடிஞ்சு தன்ர இடுப்பிலை செருகிக்கொண்டா. உடம்புச் சூட்டிலை கெதியா வாய் பிளக்குமாம். கிழவரைப் புரட்டி, படுக்கை மாத்தி, சூப் பருக்கி, எல்லாம் அந்த முடிச்சோடைதான். முளை வந்த அண்டைக்கு யன்னலிலை நிண்டு அதை விரிச்சுக் காட்டினா. மகனுக்கும் அண்டைக்குத்தான் வந்தது. அந்த மனுசி சிரிச்சு நான் பார்த்தது அப்பதான். எங்கையோ ஒரு நிலத்திலை நடக்கிற ஒண்டு, இஞ்சை பூட்டிக் கிடக்கிற எங்களுக்கும் நடந்தது.

தயிர்க் கோப்பையிலை வைச்ச எங்கட கண்டுகள் வெளிச்சமில்லாமல் நூலாட்டம் நீண்டு சரிஞ்சுதுகள். ஒண்டே ஒண்டு பிழைச்சு என்ர யன்னல் கம்பியிலை ஏறிச்சுது. காய் ஒண்டும் வரேல்லை. இந்த ஊர்ச் சனம் சுரை இலையைத்தான் கோடையிலை சூப் வைச்சுக் குடிக்கும். நான் நாலு இலை கிள்ளி வைச்சுக் குடுக்க, ஒண்டும் தெரியாமல் இருக்கிற என்ர சிஞ்ஞோரா கோப்பையை மணந்து பார்த்திட்டு "கோடை வந்திட்டுதோ" எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

அங்கை பயிர் நாங்கள் நினைச்சதை விட வடிவா வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது எண்டுவினம், கிளிப்புச் சுரைக்காய் உதவிச்சுது. மகன் படம் அனுப்புவான், அக்கா ஃபோனைக் கூடைக்குள்ளை வைச்சுக் கொடியிலை எனக்கு அனுப்புவா. பந்தலுக்குக் கீழை வரிசையாத் தொங்கிற காய். முதல் சந்தைக்கு எங்கட ஆக்கள் மட்டும்தான் சுரை கொண்டு போனவையாம். அடுத்த கிழமை அடுத்த வீடு. ஒருத்தன்ர காய் மற்றவன்ர விலையை விழுத்தேல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது எண்டது எங்கட சனத்தின்ர பழமொழி. அந்த முறை மிஞ்சிச்சுது. "இனி நிப்பான்" எண்டு அக்கா ஒவ்வொரு நாளும் சொன்னா. நானும் சொன்னன்.

ஆனியிலை ஒருநாள் மத்தியானம் யன்னல் திறந்து கிடந்தது, அவ அங்கை நிண்டவ, ஆனால் என்னைப் பார்க்கேல்லை. நான் ரெண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் சொன்னா. மகன் போன வருசமே ஏஜென்சிக்காரனிட்டைப் பேர் குடுத்திட்டானாம். தாள் எல்லாம் எப்பவோ சரியாம். காசுதான் இல்லாமல் கிடந்ததாம். இப்ப காசு வந்திட்டுது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. எனக்கு வந்த கோவத்துக்கு அவன் முன்னாலை நிண்டிருந்தால் ரெண்டு குடுத்திருப்பன். "நீ சொல்லு, கத்து, வரவேண்டாம் எண்டு அழு" எண்டு நான் அவவைக் கலைச்சன்.

"எல்லாம் செய்தாச்சு, தீதி. அவன் என்ன சொன்னான் தெரியுமோ? அம்மா, நீங்கள் சொன்னபடியே செய்தன், ஒண்டும் பிழைக்கேல்லை, சந்தோசப்படுங்கோ எண்டான்."

அவன் வந்து தெற்கு இத்தாலியிலை எங்கையோ தக்காளி புடுங்கினான். பிறகு வேலை இல்லாமல் பலெர்மோவுக்கு வந்து, ஒரேத்தோவிலை என்ர புருசன் இருக்கிற அறையிலைதான் நிலத்திலை பாய் போட்டுப் படுத்தான். அங்கை நிலம் சும்மா கிடந்தது. அக்கா தான் போய்ப் பார்க்கிறன் எண்டு கிழவரின்ர வீட்டுக்காரரிட்டைக் கேட்டா. எங்கட வேலையிலை ஒரு வழமை இருக்கு. இத்தாலிக்காரர் போகாதை எண்டு சொல்லமாட்டினம். "போ, ஆனால் உன்ர இடத்துக்கு உன்ர ஆக்களிலை ஒருத்தரை வைச்சிட்டுப் போ" எண்டுவினம். ஆள் கிடைக்காமல் செத்த வீட்டுக்கே போகாமல் விட்ட சனம் இருக்கு. அக்காவுக்கு ஆள் இருந்தது. வேறை ஆர்?

அவ மாலையிலை போனா. நான் பூட்டின வீட்டுக்குள்ளை யன்னலிலைதான் நிண்டு அனுப்பினன். கிளிப் கூடையைக் கொடியிலை எனக்கு அனுப்பிட்டு, "அவனுக்குச் சமைக்கத் தெரியாது, பார்த்துக்கொள்" எண்டா. அந்தக் கப்பிச் சத்தம் எனக்கு இப்பவும் பிடிக்காது.

இப்ப எதிர் யன்னலிலை அவன். நல்ல உயரம், தாயின்ர கண். என்னை ஆன்ரி எண்டு கூப்பிடுவான். கொஞ்சம் இத்தாலியன், கொஞ்சம் இங்கிலீஷ். முதல் கிழமை கிழவரைப் புரட்டத் தெரியாமல் அழுதான். நான் இஞ்சாலை நிண்டு கையாலை காட்டிக் குடுத்தன். ஏசோணும் எண்டு வைச்சிருந்தது எல்லாம் வாய்க்குள்ளையே நிண்டுபோச்சு.

தை பிறந்தவுடனை தாய் அங்கை இருந்து அவனுக்கு ஃபோன் எடுத்தா. உருளைக்கிழங்கு கிண்டப்போறாவாம், நாலு வீட்டுக்காரரும் இந்த முறையும் அதே மாதிரித்தான் எண்டு நிக்கினமாம், எனக்குக் கொடியிலை கிளிப் போட்டுக் காட்டச் சொன்னாவாம். நான் கூடையை அவனுக்கு இழுத்து விட்டன். ஃபோனைக் காதிலை வைச்சுக்கொண்டு கொழுவினான். சிவப்பு எது எண்டு என்னைக் கேட்டான். சுரை எண்டன்.

நாலு கொடியும் நிரம்பின பிறகு அவன் ஃபோனை வைச்சான்.

"காய் வரேக்கை நான் ஒருக்காப் போய்ப் பார்க்கோணும், ஆன்ரி" எண்டான். "எப்ப போகலாம்?"

"உன்ர இடத்துக்கு உன்ர ஆக்களிலை ஒருத்தர் வந்தால் போகலாம்."

அவன் யோசிக்கவே இல்லை. "அம்மா வருவா" எண்டான்.