மேனேஜர் சாப்பிட்டாரா?

லிஃப்ட்காரர் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தார். ஓய்வு பெற்றபின் தானே மாட்டிக்கொள்வதை முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியோ ஹோட்டலோ, இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டால் அவருக்குத்தான் ஆள் போகும். கதவிடுக்கில் வாயை வைத்து முதலில் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க." மேலே மோட்டாரைத் திருப்ப வரவேண்டிய அந்த ஆள் அநேகமாக அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். யாரை அனுப்புவது என்றே முடிவாகாத நாட்களும் உண்டு. ஆனாலும் உள்ளே அழுகை நின்றுவிடும். கம்பியும் மோட்டாரும் செய்யாத காரியத்தை ஒரு பொய் செய்வதை அவர் அங்கேதான் கண்டார்.

அவருக்கு வராத ஒரே சொல் 'முடியாது'. பால் வாங்கப் போனால் எதிர்வீட்டுக்காரரின் மின்கட்டணமும் மாடிவீட்டம்மாவின் மிக்ஸியும் அவரோடு கிளம்பும். பால் மட்டும் மறந்துபோகும். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் தலையாட்டுங்க. வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னா மட்டும் முதுகு வலிக்குது" என்பாள் மனைவி. அதற்கும் தலையாட்டுவார்.

இதில் அவருக்கென்று இருந்த ஒரே சுகம் மீன். மீன் எந்த வேலையும் ஏவுவதில்லை என்று நம்பித்தான் அந்தப் பொழுதுபோக்கில் இறங்கினார். அங்கே பல் டாக்டரும் ஆடிட்டரும் இருந்தார்கள்.

மூவரும் சனிக்கிழமை மாலைகளில் பல் டாக்டர் வீட்டு மாடியறையில், பெரிய கண்ணாடித் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார்கள். மீனைப் பற்றி மூவருக்கும் ஒரே ஒரு விஷயம் தவிர எதிலும் ஒத்துப்போகாது. தண்ணீரை வாராவாரம் மாற்றவேண்டும் என்பார் டாக்டர். மாற்றாமலே விடவேண்டும் என்பார் ஆடிட்டர். லிஃப்ட்காரர் இரண்டு பேரும் சொல்வது சரி என்பார். அதனால் இரண்டு பேருக்குமே அவர்மேல் கோபம்.

தொட்டியில் இருந்தது ஒரே ஓர் ஆஸ்கர் மீன். உள்ளங்கையைவிடப் பெரியது, கறுப்பு உடம்பில் துருப்பிடித்த தகரம் மாதிரித் திட்டுகள். ஆள் உள்ளே வந்தால் கண்ணாடியருகே வந்து ஏற இறங்கப் பார்க்கும். திருப்தியில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். அதனால் மேனேஜர் என்று பெயர் வந்தது. டாக்டரின் விரல் நுனியிலிருந்து மட்டும் தீனி உருண்டையை வாங்கிச் சாப்பிடும். தன் மனைவி காலமானபிறகு டாக்டர் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டார் என்றால் அது மேனேஜரோடுதான். தட்டை மாடிக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

டாக்டருக்கு மூட்டு அறுவை சிகிச்சை என்று முடிவானது. "சின்ன வலிதான், எறும்பு கடிச்ச மாதிரி" என்று ஆயுள் முழுக்கப் பிறர் வாய்க்குள் பல் பிடுங்கும் இடுக்கியை விட்டவர், தன் முழங்கால் என்றதும் வெளிறிப்போனார்.

"யோவ் லிஃப்ட்டு, நீதான் பாத்துக்கணும். பொண்ணு காலைல ஆபீஸ் போனா ராத்திரிதான் வருவா. ஆடிட்டர்கிட்ட விட்டா தொட்டியில உப்புப் போட்டு ஊறுகாய் ஆக்கிடுவார்."

"நான் பாத்துக்கறேன் டாக்டர். நீங்க தைரியமா போயிட்டு வாங்க."

டாக்டர் போன அன்றே மேனேஜர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். லிஃப்ட்காரர் உருண்டையை விரலில் வைத்து நீட்டினார். மேனேஜர் வந்தார், விரலைப் பார்த்தார், விரலுக்குப் பின்னால் நின்ற முகத்தைப் பார்த்தார். மூலைக்குப் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டார். உருண்டை ஊறிக் கூழாகித் தரையில் இறங்கியது.

அப்போது பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன். "சாப்பிட்டானா?"

மறுநாள் அறுவை சிகிச்சை. குரல் கதவிடுக்குக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. லிஃப்ட்காரரின் வாய் பழக்கப்பட்ட வழியில் போனது. "ஓ, நல்லா சாப்பிட்டாரு. ஒரு உருண்டைகூட மிச்சம் வைக்கல."

"சரி" என்று டாக்டர் வைத்துவிட்டார்.

அதன்பின் தினமும் அதே கேள்வி, அதே பதில். போனில் மேனேஜர் கொழுத்துக்கொண்டே போனார். தொட்டியில் வயிறு ஒட்டிக்கொண்டே வந்தது.

பயந்துபோய் ஆடிட்டரை அழைத்துவந்தார். ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்தார். "தண்ணி கெட்டிருக்கு. யார் மாத்தினது?"

"நான்தான்."

"அதான் கெட்டிருக்கு. உப்புப் போடணும்."

"டாக்டர் வேண்டாம்னு சொன்னாரே."

"டாக்டருக்குப் பல்லுதான் தெரியும். மீனுக்குப் பல்லு வலியா?"

உப்புப் போட்டார்கள். சாயங்காலம் டாக்டரின் மகள், லிஃப்ட்கார மாமாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, மீன் கடைக்காரர் கொடுத்த நீலமருந்தை ஊற்றினாள். மறுநாள் காலையில் அந்த நீலத்தைப் பார்த்துப் பதறிய லிஃப்ட்காரர் பாதித் தண்ணீரை இறைத்தார். உப்பு குறைந்திருக்கும் என்று ஆடிட்டர் மறுபடியும் போட்டார். ஒவ்வொருவரும் நல்லதே செய்தார்கள். அத்தனை நல்லதையும் தாங்கிக்கொண்டு மேனேஜர் சாய்ந்தே கிடந்தார்.

"அந்த மீனுக்காவது 'முடியாது'ன்னு சொல்லத் தெரியுது" என்றாள் லிஃப்ட்காரரின் மனைவி.

டாக்டர் வீடு திரும்பினார். கட்டில் கீழ் அறையில் போடப்பட்டது. நடைச்சட்டத்தைப் பிடித்துக் கழிவறை வரை போகலாம். படி இப்போதைக்குக் கூடாது என்று உத்தரவு. அந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. கட்டும்போது லிஃப்ட்காரர்தான் இலவசமாக ஆலோசனை சொல்லியிருந்தார்: "இரண்டே மாடிக்கு எதுக்கு டாக்டர், வீண் செலவு."

மகள் அலுவலகம் போனதும் டாக்டர் ஆரம்பித்தார். "என்னை மேல கொண்டுபோங்க."

"படி ஏறக்கூடாதாமே."

"நான் எங்க ஏறப்போறேன்? நீங்கதான் ஏறப்போறீங்க. நாற்காலியோட தூக்குங்க."

ஆடிட்டர் இடுப்புவலிக்குக் கட்டியிருந்த பட்டையைத் தட்டிக் காட்டினார். டாக்டர் பார்க்கவே இல்லை. லிஃப்ட்காரர் முடியாது என்று சொல்லியிருக்கவேண்டிய இடம் இதுதான். உள்ளே அந்தச் சொல் இருந்தது. வெளியே வந்தபோது "சரி டாக்டர்" என்று ஆகியிருந்தது.

பின்னால் ஆடிட்டர், முன்னால் லிஃப்ட்காரர், நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் டாக்டர், நீட்டிய காலோடு. "மெதுவா... சுவர் இடிக்குது... யோவ், என் முட்டிய்யா அது!" படி திரும்பும் தளம்வரை எப்படியோ வந்தார்கள். நாற்காலியை இறக்கி வைத்ததும் ஆடிட்டர் ஒரு விசித்திரமான ஒலி எழுப்பினார். பிறகு சுவரைப் பிடித்தபடி படியில் சரிந்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு சார்?"

"பிடிச்சிக்கிச்சு. இனிமே என்னால எழுந்திருக்க முடியாது. என்னைக் கேக்காதீங்க."

மேலே கொண்டுபோக ஆளில்லை, கீழே இறக்கவும் ஆளில்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டு மாடிக்கு நடுவே, கம்பியும் மோட்டாரும் இல்லாத ஓர் இடத்தில், லிஃப்ட்காரர் முதன்முறையாக உள்பக்கத்தில் இருந்தார்.

டாக்டர் மட்டும் கலங்கவில்லை. "நான்தான் போகமுடியாது. அவனைக் கொண்டுவா."

பெயின்ட் வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு லிஃப்ட்காரர் வலையைப் போட்டபோது மேனேஜர் எதிர்க்கவேயில்லை. வாளியைச் சுமந்து இறங்கி நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் வைத்தார். குனியமுடியாததால் டாக்டர் எட்டிப் பார்க்கவில்லை. உருண்டையைப் பிடித்த விரலைத் தண்ணீருக்குள் விட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார்.

வாளிக்குள் அந்தக் கறுப்பு உடம்பு ஒருமுறை நிமிர்ந்தது. மெல்ல வந்தது. விரலில் வாயை வைத்தது. அப்படியே நின்றது.

"சாப்பிட்டானா?"

உருண்டை நழுவி வாளியின் அடிக்குப் போவதை லிஃப்ட்காரர் பார்த்தார். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல டாக்டர். நீங்க போன நாள்லேருந்தே சாப்பிடல."

ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் விரலை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்யா. முதல் நாளே தெரியும். நல்லா சாப்பிட்டாருன்னியே, அன்னைக்கு என்ன கிழமை?"

லிஃப்ட்காரர் யோசித்தார். திங்கள். திங்கட்கிழமை மேனேஜருக்குத் தீனி கிடையாது. வாரம் ஒருநாள் வயிற்றைக் காயப்போட்டால்தான் ஆஸ்கர் நீண்ட நாள் இருக்கும் என்பது, மூன்று பேரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம். பதற்றத்தில் அதை மறந்து தீனி நீட்டியதோடு, ஒன்றுகூட மிச்சமில்லை என்று வேறு சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சுமா தினம் கேட்டீங்க?"

"முதல் நாள் நானும் கிழமையை மறந்துதான் கேட்டேன். அப்புறம் நீ சொல்றது நல்லா இருந்துச்சு. அங்க படுத்துக்கிட்டு நான் வேற என்ன பண்ண?"

வாளியில் மேனேஜரின் செவுள்கள் மூடித் திறந்தன.

"காத்து பத்தாது இந்த வாளில. மேல கொண்டுபோய் விட்டுடவா?" என்றார் லிஃப்ட்காரர்.

"கொஞ்சம் இருக்கட்டும். விரலை விடமாட்டேங்கறான்."

வைத்திருந்தாலும் ஆபத்து, பிரித்தாலும் ஆபத்து. லிஃப்ட்காரர் கையால் தண்ணீரைக் கலக்கிக் காற்று ஏற்றினார். மற்றொரு கையால் டாக்டரின் மகளுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டு அவள் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"பயப்படாதீங்க மாமா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

பின்னணியில் விசைப்பலகை தட்டும் சத்தமும், யாரோ அடுத்த கூட்டத்தைப் பற்றிப் பேசுவதும் தெளிவாகக் கேட்டன. அவள் இன்னும் நாற்காலியிலிருந்தே எழவில்லை.

"என்ன சொன்னா?" என்றார் டாக்டர், விரலை அசைக்காமல்.

லிஃப்ட்காரர் வாளித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"கிளம்பிட்டாளாம் டாக்டர். பாதி வழி வந்துட்டாளாம்."