பின்சீட்டு வயிறு

காலை ஆறு நாற்பது. ஏற்காடு ஒண்டிக்கடை டாக்ஸி ஸ்டாண்டில் நான் முதலில் பார்த்தது என் மனைவியின் செருப்பை. வெள்ளை வண்டியின் டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே, ஈரத் தார்மேல், ஜோடியாகக் கிடந்தது. அவள் வெறுங்காலோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூடுபனி விலகவில்லை. எதிர்க்கடையின் பெயர்ப்பலகையில் பாதிதான் தெரிந்தது.

அன்றைக்கு அவளுக்கு டெஸ்ட்.

டாக்ஸி ஓட்ட பேட்ஜ் கொடுப்பது சேலத்தில் இருக்கும் அலுவலகம். ஆனால் எங்கள் ஸ்டாண்டு சரி என்று சொல்லாமல் இங்கே யாரும் அதற்கு எழுதிப் போடுவதில்லை. பேட்ஜை வாங்கிக்கொண்டு வண்டியை எங்கே நிறுத்துவது? சரி என்று சொல்ல அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற ஆள் ஒருவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, அடிவாரத்துக் குப்பனூர் வரை இறங்கித் திரும்ப ஏறி வர வேண்டும். அவர் வாந்தி எடுக்காவிட்டால் டிரைவர் பாஸ். எடுத்துவிட்டால், மழைக்காலம் முடிந்து வரச் சொல்வார்கள். கீழே லாரி ஓட்டிப் பழுத்தவர்கள்கூட இதில் திரும்பிப் போயிருக்கிறார்கள். பிரேக்கை எங்கே மிதித்தார், கியரை எப்போது மாற்றினார் என்று யாரும் குறித்துக்கொள்வதில்லை. அதெல்லாம் வயிற்றில் தெரிந்துவிடும் என்பது ஸ்டாண்டின் நம்பிக்கை.

அந்த வயிறு என்னுடையது. முன்பு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஒரு ரைட்டரின் மனைவிதான் பின்சீட்டில் உட்காருவார். அவர் சேலத்துக்குக் குடிபோன பிறகு என்னைப் பிடித்தார்கள். இந்த மலையிலேயே பிறந்தவன் நான். ஒரு நாளிதழுக்கு ஏற்காட்டுச் செய்திகளை அனுப்புகிறவன். ஆனாலும் பிளாஸ்டிக் பை இல்லாமல் சேலம் பஸ்ஸில் ஏறியதில்லை. நான் எழுதுவதை ஊரில் எத்தனை பேர் நம்பினார்கள் என்று தெரியாது. என் வயிற்றை எல்லோரும் நம்பினார்கள்.

என் மனைவியின் அப்பா எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். அவள் பாவாடை கட்டிய வயதிலேயே கியரைப் பிடித்தவள். எனக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி சொந்தமாக பஸ் வாங்கியதும் வேன் நின்றது. அப்புறம்தான் இந்தப் பழைய வண்டி. ஸ்டாண்டு வேண்டாம் என்றால் வண்டியை விற்றுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஸ்டாண்டில் அதுவரை ஒரு பெண்கூட வண்டி போட்டதில்லை.

"சொந்தப் புருசனையே பின்னாடி வெச்சா அது என்னங்க டெஸ்டு?" என்று ஒரு டிரைவர் ஆரம்பித்தார். "பொண்டாட்டிக்காக அடக்கிக்குவாரு."

ஸ்டாண்டு தலைவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அவருக்கு ஒரு சேதியவே நாக்குல அடக்கத் தெரியாதுங்க. வாந்திய எங்க அடக்கப் போறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்குள்ளிருந்து அவளும் சிரித்தாள்.

"ஊட்டுல இஞ்சி கிஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்திருந்தா?" என்றார் அதே டிரைவர்.

"பச்சத்தண்ணிகூடக் குடுக்கலைங்க," என்றாள் அவள். "நீங்களே வாங்கிக் குடுங்க. உங்க கண்ணு முன்னாடியே தின்னுட்டு ஏறட்டும்."

வெறும் வயிறு செல்லாது என்பது ஏற்கெனவே இருக்கிற விதி. எனக்கு முட்டை பரோட்டாவும் அது மூழ்கும் அளவுக்குச் சால்னாவும் வந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஸ்டாண்டு மொத்தமும் நின்று பார்த்தது.

முன்சீட்டில் தலைவர் உட்கார வேண்டும் என்பது இன்னொரு விதி. அவர் வண்டியைச் சுற்றி அவள் பக்கம் போனார். குனிந்து செருப்பை எடுத்து, தட்டி, தன் சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"செருப்ப மறந்துட்டியே, கண்ணு."

"ஐயோ அண்ணா, நீங்க எதுக்குங்க எடுத்தீங்க?"

அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவள் செருப்பை நான் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

இறங்கும்போது அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். தலைவர் ஒரு சுற்றுலாக்காரரின் கதையைச் சொன்னார். "ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தச் சொல்லி போட்டோ எடுத்தான். ஏரிக்கு வந்து சேந்தா, போன்ல சார்ஜ் இல்லைங்கறான்." அவள் தோள் குலுங்கச் சிரித்தாள், ஸ்டியரிங் குலுங்கவில்லை. அதே கதையை நான் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தேன். அவளுக்குப் படித்தும் காட்டினேன். அப்போது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

குப்பனூரில் திருப்பி ஏறத் தொடங்கினோம். உள்கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அவை கண்ணாடிக்கு வந்தன. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பின. ஓர் இடத்தில் மேலிருந்து பஸ் வந்தது. அவள் வண்டியைப் பின்னால் விட்டு, பாறை ஒதுங்கிய இடத்தில் ஒரே தடவையில் செருகி நிறுத்தினாள். பஸ் டிரைவர் அவளுக்குக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். அவரை நான் தினமும் பஜாரில் பார்க்கிறேன். எனக்கு அவர் கை தூக்கியதில்லை.

நான் போனை எடுத்துக் குனிந்தேன்.

ஓடும் வண்டியில் குனிந்து படித்தால் எனக்கு என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் முதல் என் வாந்தியைக் கழுவியவள் அவள்.

"ஏனுங்க, போன வைங்க."

நான் வைக்கவில்லை. தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "படிக்கட்டும் கண்ணு. ரிசார்ட்டுக்கு வர்ற அத்தன பேரும் போனத்தான பாக்கறாங்க. நீ ஓட்டு."

அவள் கண்கள் கண்ணாடிக்கு வந்தன. அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தன. பிறகு சாலைக்குப் போய்விட்டன.

குடிநீர்ப் பிரச்சினை பற்றி நான் அனுப்பிய செய்தியை நாளிதழ் டெஸ்க்கில் வெட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்தேன். வளைவு வந்தது, வண்டி சாய்ந்தது தெரிந்தது, இழுக்கவில்லை. அடுத்த வளைவு. முதலில் வாயில் நீர் ஊறும், பிறகு காதோரம் வியர்க்கும். இரண்டுக்கும் காத்திருந்தேன். செய்தி முடிந்தது. வெட்டுப்பட்ட வரிகளைத் தேடி மறுபடி படித்தேன். சால்னா இருந்த இடத்திலேயே இருந்தது. தலையை நிமிர்த்தியபோது சில்வர் ஓக் மரங்கள் முடிந்து வீடுகள் தொடங்கியிருந்தன.

ஸ்டாண்டில் எல்லோரும் வண்டியைச் சூழ்ந்தார்கள்.

"என்னங்க, வந்துச்சா?"

அவள் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன.

"வரலை," என்றேன்.

"வழி நெடுக போன் வேற படிச்சாருங்க," என்றார் தலைவர். "இதுக்கு மேல என்னங்க வேணும்? கடைசி வண்டிக்குப் பின்னாடி நிறுத்திக்கோ, கண்ணு."

காலையில் ஆட்சேபித்த டிரைவர் என் தோளைத் தட்டினார். "நொம்பக் கெட்டிக்காரியா இருக்காங்களே. உங்க வயித்தயே ஏமாத்திட்டாங்க!"

தலைவர் செருப்பை எடுத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு இறங்கி என்னிடம் வந்தாள்.

"பரோட்டா செரிச்சிருச்சுங்களா?"

"செரிச்சிருச்சு."

தலையை ஆட்டினாள். பேட்ஜுக்கு எந்த அளவில் போட்டோ வேண்டும் என்று கேட்க தலைவரிடம் போனாள்.

பேட்ஜ் வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் சேலம் சவாரி, ரயிலுக்குப் போகும் ஒரு குடும்பம். அன்றைக்கே எனக்கும் சேலத்தில் வேலை இருந்தது. "முன்சீட்டு காலிதானுங்க, அவங்ககிட்டக் கேட்டுட்டேன், வர்றீங்களா?" என்றாள். நான் பஸ்ஸில் போனேன். அடிவாரம் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.