நாலாவது கால்

வாசலில் நிற்கும் குடைகளிலிருந்துதான் ஆனந்தராசா எண்ணத் தொடங்குவார். குடை இரண்டு, கைத்தடி ஒன்று, கூடத்தில் கதிரை ஆறு, சுவரில் படம் ஒன்பது, கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பிக் கோப்பை பதினொன்று. பன்னிரண்டாவது கோப்பை அவர் வேலைக்கு வருமுன்பே உடைந்துபோனது. அதை முதல் நாளே வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டி, அவர் வாயால் "ஆமாம், இல்லை" என்று சொல்லவைத்த பிறகுதான் தூசித் துணியைக் கையில் எடுத்தார். பின்னேரம் புறப்படும்போது மேலங்கியை மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்று. "வரேக்கை எத்தினையோ, போகேக்கையும் அத்தினை இருக்கவேணும்" என்பார். இதைச் சொல்ல அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

பழக்கம் ஒரு கரண்டியால் வந்தது. இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு வந்த புதிதில் அவர் வேலை செய்த வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போனது. யாரும் கள்ளன் என்று சொல்லவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். பத்து நாள் கழித்துக் கரண்டி மேசை லாச்சிக்குப் பின்னால் கிடந்ததாம். அதைச் சொல்ல சிஞ்ஞோரா தொலைபேசியும் எடுத்தார். ஆனால் அந்த இடத்துக்கு அதற்குள் வேறொருவர் வந்துவிட்டார். வேலையோடு வேலைக் கடிதமும் போனது. கடிதம் இல்லையென்றால் மனைவியையும் மகளையும் கூப்பிடும் விண்ணப்பத்தை குவெஸ்தூராவில், அதாவது வெளிநாட்டவர் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரில், கையால் தொடவும் மாட்டார்கள். மனைவி விமலராணி மகள் துசானியோடு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்.

அவருடைய இரண்டாவது பழக்கம் இன்னும் சங்கடமானது. இத்தாலிய மொழியில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் "பெர்க்கே". ஏன் என்று அர்த்தம். வேறு சொற்கள் பிறகு மெல்ல மெல்ல வந்தன. இது மட்டும் நாக்கிலேயே குடியிருந்துவிட்டது. பல்லாரோ சந்தையில் மீன்காரனிடம், வாள்மீனின் தலையை ஏன் வாள் மேலே பார்க்க வைக்கிறாய் என்று கேட்பார். கோயில் வாசலில் நிற்கும் கல்லுச் சாமிகளுக்கெல்லாம் ஏன் மூக்கு மட்டும் உடைந்திருக்கிறது என்று போகிற வருகிற பாதிரியாரை மறித்துக் கேட்பார். ஒருமுறை குவெஸ்தூரா வரிசையில், நாலாம் யன்னல் ஏன் எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று துவக்கு வைத்திருந்த பொலிஸ்காரனையே கேட்டுவிட்டார். அல்பெர்கேரியாப் பகுதியில் அவரோடு ஒரே அறையில் இருக்கும் மன்னார்க்காரன் கிறிகோரிக்கு அன்று உயிரே போய்விட்டது. "அண்ணை, உந்தக் கேள்வியை இஞ்சை கேட்டால் பிளேனிலை ஏத்தித்தான் பதில் சொல்லுவாங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். தமிழ்ச் சனத்திடையே ஆனந்தராசாவுக்கு இப்போது பெர்க்கே அண்ணை என்றுதான் பெயர்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வீட்டுக்காரரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குசிமானோ, வயது எழுபத்தாறு, தனியாள். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவர். ஊரே அவரை புரொபெசோரே என்றுதான் கூப்பிடும். முப்பத்தைந்து வருடமும் ஒரு பிள்ளையாவது ஏன் என்று கேட்காதா என்று பார்த்திருந்து, கடைசியில் ஓய்வு பெற்றபின் வீடு கூட்ட வந்தவரிடமிருந்து அது கிடைத்தது. "பெர்க்கே" என்று குரல் கேட்டதும் மனிதர் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார். வீட்டு வேலை சில நாள் பாதியில் நிற்கும். இருவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

புரொபெசோரேயின் புத்தக அலுமாரிக்கு மேலே, பழைய படுக்கை விரிப்பால் மூடி ஒரு பெரிய பொருள் இருந்தது. ஆனந்தராசாவின் எண்ணிக்கையில் அது வெறும் "மூடின சாமான் ஒண்டு". ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு, பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, கண்ணில் பூ விழுந்ததை வெட்டி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, புரொபெசோரே அதைக் கையால் காட்டினார். இறக்கித் துடைத்து மேசையில் வை, கண்கட்டு அவிழ்த்ததும் முதல் முதலாக நான் அதைத்தான் பார்க்கப்போகிறேன் என்றார். வாடகைக் கார் கீழே நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தாலும், அது என்ன என்று சொல்லாமல் அவரால் படியிறங்க முடியவில்லை. வைக்கிங் என்ற அமெரிக்க விண்கலத்தின் மாதிரி அது. ஆளில்லாத கலம். எழுபத்தைந்தில் பூமியை விட்டுப் புறப்பட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிச் செவ்வாய்க் கிரகத்தை அடைந்தது. ஒரு பாதி மேலே சுற்றிக்கொண்டிருக்க, மறு பாதி பிரிந்து தரையில் இறங்கியது. இறங்கிய பாதியைத்தான் புரொபெசோரே அந்தக் கோடை விடுமுறையில் பத்திரிகைப் படங்களைப் பார்த்து, தகர டப்பாக்களை வெட்டிச் செய்திருந்தார்.

மறுநாள் ஆனந்தராசா தனியாக அதை இறக்கினார். விரிப்பை எடுத்தார். எண்ணினார்.

கால் மூன்று.

திரும்ப எண்ணினார், மூன்றுதான். மேசைக்கு நாலு கால், கட்டிலுக்கு நாலு, ஆட்டுக்கு நாலு. நிற்கிற சாமான் எதற்கும் நாலு. அப்படியானால் நாலாவது கால் இறக்கும்போது தன் கையில்தான் உடைந்து விழுந்திருக்கிறது. அலுமாரிக்குப் பின்னால் பார்த்தார். கம்பளத்தைச் சுருட்டினார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையை வெட்டிப் பத்திரிகைத் தாளில் கொட்டி விரலால் கிளறினார். பூனை மயிரும் ஒரு பித்தானும் கிடைத்தன. இதில் ஒன்றை அவர் கவனிக்காமலில்லை: தகரத்தில் எங்கேயும் உடைந்த தழும்பு இல்லை, பசை ஒட்டிய அடையாளமும் இல்லை. வேறு நாளென்றால் அதைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் பெர்க்கே கேட்டிருப்பார். அன்று கரண்டிதான் நினைவில் வந்தது. பயத்துக்கு முன்னால் கேள்வி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அடுத்த மூன்று நாளும் அவர் விண்கலம் செய்கிறவரானார். கபோ சந்தையில் பழைய சாமான் விற்கிறவனிடம் உடைந்த தொலைக்காட்சி அன்ரெனா ஒன்றை வாங்கினார். காலுக்கு அதன் குழாய் அச்சாகப் பொருந்தியது. பாதத்துக்குப் புரொபெசோரே தக்காளிக் களி டப்பாவின் மூடியை வைத்திருந்தார். அதே அளவு மூடி கிடைக்க நாலு வகை டப்பா உடைக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் வீணாக்க மனமில்லாமல் கறியில் போட்டார். "அண்ணை, கத்தரிக்காய்க் கறி ஏன் ரத்தமாதிரிக் கிடக்குது?" என்று கிறிகோரி கேட்டான். பெர்க்கே அண்ணை அவன் தட்டில் இன்னொரு அகப்பை போட்டார். கலத்தின் வயிற்றுப் பாகத்துக்கு ஆறு பக்கம், ஒன்று விட்டு ஒன்றில் கால். நாலாவதுக்கு ஒழுங்கான இடமே வரவில்லை. ஒருவாறு ஒரு நீளப் பக்கத்தில் இரண்டு துளை போட்டு முறுக்கினார். தூக்கி மேசையில் வைத்தார்.

ஆடியது. ஒரு பக்கம் தொட்டால் டொக், மறு பக்கம் தொட்டால் டொக். மூன்று காலில் அசையாமல் நின்ற சாமான் அது. பஸ் ரிக்கற்றை எட்டாக மடித்துப் பாதத்துக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது, மனம் நிற்கவில்லை.

புரொபெசோரே கண்ணில் கட்டோடு வீடு வந்தார். மற்றக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். கட்டவிழ்ப்பது அடுத்த கிழமை புதன்கிழமை. அதற்கு முன் திங்கட்கிழமை, ஆனந்தராசாவோடு குவெஸ்தூராவுக்கு வந்து, வேலை கொடுப்பவர் என்ற முறையில் விமலராணிக்கான பத்திரத்தில் ஒப்பமிடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

இடையில் பொங்கல் வந்தது. அல்பெர்கேரியாவில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் எல்லோருமாகப் பொங்கினார்கள். முற்றம் முழுக்க மேடும் பள்ளமுமான கருங்கல். றஞ்சித் என்கிற பெடியன் மூன்று செங்கல்லைக் கொண்டுவந்து போட, ஒருவர் பானையைத் தூக்கி வைத்தார். பானை இம்மியும் அசையவில்லை. நெருப்பு மூட்டினார்கள், பால் பொங்கி வழிந்தது, எல்லோரும் கூவினார்கள். பெர்க்கே அண்ணை மட்டும் குனிந்து அடுப்புக்கு அடியில் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டு!" என்று கத்தினார். "கிறிகோரி, மூண்டுதானடா! நாலு வைச்சால் பானை ஆடும்!"

"அதுக்கேன் அழுறியள்?" என்றான் கிறிகோரி. புகையாக்கும் என்று நினைத்தான்.

அன்று அறையில் முழுக் கதையையும் கேட்டபின் கிறிகோரி எழும்பிக் கதவைச் சாத்தினான். பிறகு, "கழட்டி எறிஞ்சிட்டுச் சும்மா இருங்கோ" என்றான்.

"ரெண்டு ஓட்டை கிடக்குது. அதை எங்கை எறியிறது?"

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. திங்கள் கையெழுத்து விழட்டும். புதன் கண் திறக்கட்டும். அதுக்கிடையிலை நீங்கள் வாய் திறவாதேங்கோ."

நல்ல யோசனைதான். கிறிகோரிக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்த மனிதரின் வாயைப் பற்றித்தான் அவன் சரியாக யோசிக்கவில்லை. ஐந்து நாள் ஆனந்தராசா அடக்கிக்கொண்டு கிடந்தார். செவ்வாயில் இருப்பதும் கருங்கல் முற்றம்தானா? அமெரிக்காவில் கலம் செய்தவர்களுக்கும் செங்கல் சங்கதி தெரியுமா, அல்லது வேறு ஏதாவது காரணமா? தரை துடைக்கும்போதும் இதே நினைவு. சனிக்கிழமை கோப்பியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தார். கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

"புரொபெசோரே, வைக்கிங்குக்குக் கால் மூன்று. பெர்க்கே?"

கட்டுக்குக் கீழே கிழவரின் முகம் முழுக்க மலர்ந்தது. கோப்பி ஆறிப்போனது. இறங்குவதற்கு நாள் எல்லாம் குறித்தாகிவிட்டதாம். மேலே சுற்றிய பாதி எடுத்தனுப்பிய படத்தைப் பார்த்தால் குறித்த இடம் கரடுமுரடு. நாளைத் தள்ளிப்போட்டு, சுற்றிச் சுற்றி வேறு இடம் தேடினார்கள். எவ்வளவு தேடினாலும் ஒரு விளையாட்டு மைதானத்தைவிடச் சிறியது எதுவும் அந்தப் படத்தில் தெரியாது. காலுக்குக் கீழே என்ன கல் வரப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியாமலேதான் இறக்கினார்கள். நாலு கால் என்றால் மேடு பள்ளத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் மூன்றும் ஊன்றும். இறங்கியதும் அது பூமிக்கு அனுப்பிய முதல் படம் எது தெரியுமா? வானமும் இல்லை, மலையும் இல்லை, தன் சொந்தப் பாதம்.

"பாதமா?" என்றார் ஆனந்தராசா. எல்லாப் பயத்தையும் மறந்து வாய் பிளந்து நின்றார். "பெர்க்கே?"

ஊன்றியிருக்கிறதா என்று பார்க்கத்தான், என்றார் புரொபெசோரே. பிறகு இரண்டு கையையும் நீட்டினார். கொண்டுவா, புதன்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது, தொட்டாவது பார்க்கிறேன்.

மறுக்க ஒரு காரணமும் வரவில்லை. மேசையிலிருந்து தூக்கும்போது மடித்த ரிக்கற் கீழே விழுந்தது. போர்வை மூடிய கிழவரின் மடியில் அதை வைத்தார். நாலாவது கால் தன் வயிற்றுப் பக்கம் இருக்கும்படிதான் பிடித்திருந்தார். வேண்டுமென்று பிடித்தாரா, கை அப்படிப் போனதா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. புரொபெசோரேயின் விரல்கள் தகரத்தின்மேல் ஊர்ந்தன. தட்டுப்போன்ற அன்ரெனாவைத் தடவின. மண் அள்ளும் கையைத் தடவின. கீழே இறங்கின. ஒரு கால். பாதம். இன்னொரு கால். எட்டி, மூன்றாவது. அதன் மூடியைச் சுற்றி விரல் ஒருமுறை வட்டம் போட்டது. இருபது வருடத்துக்கு முன் தானே செய்தது. எத்தனை என்று அந்தக் கைக்குத் தெரியும். மேலே தேட வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

"அப்படியே இருக்கிறது" என்று கையை எடுத்துக்கொண்டு சாய்ந்தார் புரொபெசோரே. திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், ஒப்பமிடப் பேனா தன்னுடையதையே கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

ஆனந்தராசா குனிந்து அந்த முதிய கையைப் பிடித்தார். சுட்டுவிரலைப் பிரித்தெடுத்து, தன் பக்கம் கொண்டுவந்து, நாலாவது காலின்மேல் வைத்தார்.