தொலைந்துபோனால் நிற்க வேண்டிய இடம்

சனத்துக்கு நடுவில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. ரயில் வரும்வரை மேடையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பேன். கடையில் மனைவி மரக்கறி தெரிவுசெய்யும்போது நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு சுற்றி வருவேன். "செக்குமாடு" என்பாள் அவள். கூச்சத்தால் அப்படிச் செய்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. மகள் யப்பானுக்குப் போகத் திட்டம் போடும்வரை, ஏன் நிற்கமாட்டாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

மகள் பல் மருத்துவரிடம் ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, முடித்தாள். அடுத்த கோடையில் மியூனிக்கில் வேலை. அதற்கு முதல் இரண்டு கிழமை யப்பானுக்குப் போக வேண்டும் என்பது அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து ஆசை. தாயோடு போவதாகத்தான் இருந்தது. மனைவிக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்ததால் விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார ஏலாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அப்ப அப்பா வாங்கோ," என்றாள் மகள்.

மனைவி சிரித்தாள். "உன்ர கொப்பரைக் கூட்டிக்கொண்டு போறதை விட இன்னொரு சூட்கேசைக் கொண்டு போ. அதுக்கெண்டாலும் சில்லு இருக்கு, இழுத்த பக்கம் வரும்."

"அப்பாவும் வருவார்."

"வருவார். சோறு எங்க எண்டு கேட்பார்."

நானும் சிரித்தேன். எத்தனை தரம் விமானம் மாறி ஏற வேண்டும் என்று கேட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாடு முடிந்தவுடன் குசினி மேசையில் மகள் கணினியைத் திறந்துவைப்பாள். முதலில் ஒசாகா. அங்கே ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. காலையில் வாசல் திறக்கும் முன்பே ஆட்கள் வரிசையில் நிற்பார்களாம். திறந்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த ராட்டினத்தில் முதலில் ஏற வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். அடுத்த நாள் மீன் காட்சியகம். அங்கே பல மாடி உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குள் பஸ் அளவுச் சுறா. மேல் மாடியில் தொடங்கி தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கிவர வேண்டுமாம். பிறகு தோக்கியோ. பேனை மட்டும் விற்கும் கடை, பொம்மை மட்டும் விற்கும் கடை, மனைவி கேட்ட கத்தி வாங்க ஒரு தெரு.

ஒரு நாள் தோக்கியோவில் ஒரு நாற்சந்தியின் வீடியோவைக் காட்டினாள். விளக்கு மாறியதும் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் ஒரேயடியாகத் தெருவில் இறங்கியது. ஒருவரையொருவர் முட்டாமல் கடந்து, கரைந்து, திரும்பவும் நிரம்பியது. எத்தனை முறை பார்த்தும் அதில் ஒரு ஆளைக்கூட என்னால் பின்தொடர முடியவில்லை. சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண்ணைக் கண்ணால் பிடித்து வைத்தேன். நடுத்தெருவில் அவளும் காணாமல் போனாள்.

"வடிவா இருக்கு, என்ன?" என்றாள் மகள்.

"ஓம்," என்றேன்.

என் பயங்களை நான் அவளிடம் சொல்லவில்லை. வேலையிடத்தில் பெட்டிகளை அடுக்கும்போது அவை ஒவ்வொன்றாக வரும். ராட்டினத்தில் இடுப்பை இரும்பால் பூட்டுவார்களே, திறக்காவிட்டால்? கண்ணாடித் தொட்டி வெடித்தால்? எழுத்து ஒன்றும் வாசிக்க முடியாத நிலக்கீழ் நிலையத்தில் அவள் ஒரு ரயிலில் ஏற, கதவு மூடி, நான் வெளியே நின்றால்? பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் மட்டும் படித்தவன் நான். ஜெர்மன் மொழியே தொழிற்சாலையில் காதால் கற்றது. ஏதாவது நடந்து இந்தப் பயணம் தானாக நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதே சமயம் அவளுக்கு ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்றும் வேண்டினேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்று கடவுள்தான் யோசிக்க வேண்டும்.

"எனக்கு ஏலாது, பிள்ளை." இந்த ஒரு வசனத்தைச் சொன்னால் போதும். சொன்னால் அவள் தனியே போவாள். மியூனிக்குக்குப் போனபிறகு என்னோடு இரண்டு கிழமை சேர்ந்திருக்க அவளுக்கு நேரம் வரப்போவதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வசனத்தைத் தயாராக வைத்துக்கொண்டு மேசையில் உட்காருவேன். தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு எழும்புவேன்.

ஒரு ஞாயிறு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, பிரிஞ்சுபோவம் எண்டு பயப்பிடுறீங்களோ? அதுக்கு ஒரு றூல்தான் இருக்கு. பிரிஞ்சிட்டமெண்டால் நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ. நான் வந்து எடுப்பன்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"கிண்டர்கார்டனில. எல்லாப் பிள்ளையளுக்கும் சொல்லித் தாறதுதான்."

நான் தலையாட்டினேன். எனக்கும் ஒருவர் ஒரு விதி சொல்லித் தந்திருந்தார். அது இதற்கு நேர்மாறானது.

நான் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்களைக் கள்ளப் பாஸ்போட்டில் கூட்டிவந்த ஏஜென்சிக்காரர் விமானம் ஏறும் முன் சொன்னார்: "ஒருத்தரையொருத்தர் தெரிஞ்ச மாதிரிப் பாக்கக் கூடாது. பிரிஞ்சுபோனால் நிக்கக் கூடாது. சனத்தோட சனமா வெளியில போங்கோ. பேர் கூப்பிட்டால் திரும்ப வேண்டாம்." நடுவில் மாறி ஏறிய ஒரு விமான நிலையத்தில் எங்களோடு வந்த ஒரு அண்ணை வழி தெரியாமல் நின்றார். நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். சீருடை போட்ட இருவர் நேரே அவரிடம் போனார்கள். அத்தனை பேர் நடந்துகொண்டிருந்த அந்த மண்டபத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். நான் நடந்துகொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

இதை யாருக்கும் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. இது கதையில்லை, கால் பழகிய பழக்கம்.

ரிக்கெட் எடுக்கும் முன் ஒரு புறோபே பார்ப்போம் என்று மகள் சொன்னாள். ஒத்திகை. இலையுதிர்கால விடுமுறையில் ஒரு நாள் ரயிலேறி, வேறொரு நகரத்தில் இருந்த மீன் காட்சியகத்துக்குப் போனோம். யப்பானில் உள்ளதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொட்டி என்றாள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

உள்ளே இருட்டு. சுவர்களில் நீல வெளிச்சம். பள்ளிக்கூட விடுமுறையானதால் குழந்தை வண்டில்களும் தகப்பன்மாரும் நெருக்கியடித்தார்கள். கண்ணாடியால் செய்த ஒரு குகை வழியே போக வேண்டியிருந்தது. தலைக்கு மேல் ஒரு திருக்கை வயிற்றைக் காட்டிக்கொண்டு நழுவியது. அதன் வாய் மனித வாய்போல் திறந்து மூடியது. நான் மகளின் முதுகுப்பையைப் பார்த்தபடி நடந்தேன். அதில் தொங்கிய மஞ்சள் பொம்மைதான் என் வழிகாட்டி.

குடைபோல் விரிந்து சுருங்கும் சொறிமுட்டை மீன்கள் இருந்த தொட்டிக்கு முன்னால் அவள் படம் எடுக்க நின்றாள். பின்னால் ஒரு சிறுவர் கூட்டம் கத்திக்கொண்டு வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது நீல வெளிச்சத்தில் எல்லா முகங்களும் ஒரே முகமாக இருந்தன. மஞ்சள் பொம்மையைக் காணவில்லை.

நில், என்று எனக்கு நானே சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் கால்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. அந்தச் சிறுவர் கூட்டத்தோடு படியிறங்கி, பொம்மைகள் விற்கும் கடையைக் கடந்து, ஒரு பக்கம் மட்டும் சுற்றும் இரும்புக் கதவால் வெளியே வந்துவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் தொலைபேசி நடுங்கியது. எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் என்னால் வடிவாகச் சொல்ல முடியாது. எடுத்தால் நான் இன்னாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதுபோல் இருந்தது. என்னிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது, ரயில் ரிக்கெட் இருக்கிறது, மீன் பார்க்க எடுத்த ரிக்கெட்டும் இருக்கிறது. அந்த நேரம் இவற்றில் ஒன்றும் நினைவில் இல்லை.

யாரோ வெளியே வரக் கதவு சுற்றியது. உள்ளே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் என் பெயரைச் சொன்னது. முதலில் தகப்பன் பெயர், பிறகு என் பெயர், இரண்டையும் கடித்துக் குதறி. உடனடியாக ரிக்கெட் கொடுக்கும் வாசல் கருமபீடத்துக்கு வரவும் என்றது. ஒரு பொதுக் கட்டடத்தில் என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்குத் தெரியும். நான் இன்னும் வேகமாக நடந்தேன். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, கார்கள் நிற்கும் பக்கத்தால், டிராம் வரும் தெருவை நோக்கி.

அப்படிப் போனபோது முன்வாசல் கண்ணாடிச் சுவரைக் கடக்க வேண்டியிருந்தது. உள்ளே கருமபீடத்துக்குப் பக்கத்தில் மகள் நின்றாள். ஓடவில்லை, தேடவில்லை. காலடி இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு தொலைபேசியைக் காதில் பிடித்தபடி நின்றாள். அவளைச் சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நின்றவள் அவள் ஒருத்திதான்.

சீருடை போட்ட ஒரு ஆள் அவளை நோக்கி நடப்பதைக் கண்டேன்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. அந்த ஆள் அவளுக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்திருந்தான், அவ்வளவுதான். நான் இடையில் போய் நின்று அவளின் கையைப் பிடித்திருந்தேன்.

"எங்க போனீங்கள்?" அவள் குரல் உடைந்தது.

"வெளியில."

"ஏன் வெளியில? நான் எத்தினை தரம் அடிச்சனான்! உங்களுக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு... நில்லுங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

"பிரிஞ்சால் வெளியில போகவேணும்."

"ஆர் சொன்னது?"

திரும்பி வரும் ரயிலில், வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது சொன்னேன். ஏஜென்சிக்காரரின் விதிகளையும், மண்டபத்தில் நின்ற அண்ணையையும் பற்றி. சொல்லி முடிக்க இரண்டு நிலையங்கள்கூட எடுக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுதான் ஸ்ரேசனில நடந்துகொண்டே இருக்கிறீங்களோ?"

"ஓம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அவளுக்கு நான் செக்குமாடு."

அவள் சிரிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, ரிக்கெட் இன்னும் எடுக்கேல்லை. உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன். தனியப் போட்டு வருவன்."

கிழமைக்கணக்காக நான் வேண்டிக்கொண்டது என் முன்னால் வந்து நின்றது. என் வசனத்தை அவளே சொல்லிவிட்டாள். நான் ஓம் என்றால் போதும். ஆனால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு நின்றவளைத்தான் என் கண் பார்த்துக்கொண்டிருந்தது. தோக்கியோவின் அந்த நாற்சந்தியில் சனம் கரைந்து ஓடும்போது அவள் அப்படி நின்றால் யார் வருவார்?

"அங்க எங்க நிக்கவேணும் எண்டு காட்டு," என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தொலைபேசியைத் திறந்தாள். பூங்காவில் வாசலுக்குப் பக்கத்து மணிக்கூட்டுக்குக் கீழே. மீன் காட்சியகத்தில் பெரிய தொட்டிக்கு முன்னால் ஆட்கள் உட்காரும் வாங்கில். கடைத்தெருவில் பெரிய நண்டு தொங்கும் சாப்பாட்டுக்கடையின் முன்னால். தோக்கியோவில் அந்த நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு நாய்ச்சிலை.

"அதுக்குப் பக்கத்தில நிறைய ஆக்கள் நிப்பினம். எல்லாரும் ஆரையோ பாத்துக்கொண்டுதான் நிக்கிறவை. உங்களை ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

"எல்லாரும் நிப்பினமோ?"

"எல்லாரும்."

அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொஞ்சம்தான்.

எங்கள் ஊர் நிலையத்தில் இறங்கினோம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் சனம் மண்டபத்தை நிறைத்திருந்தது. மகள் ஒரு தூணைக் காட்டினாள். "இதில நில்லுங்கோ. நான் பிறெற்செல் பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

அவள் போய்விட்டாள். பின்தலை சிறிது நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் தூணில் முதுகைச் சாய்த்தேன். என் வலது கால் தானாக ஒரு அடி வைத்தது. திரும்ப எடுத்து இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண் சூட்கேசால் என் பாதத்தை இடித்து மன்னிப்புக் கேட்டாள். மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர் பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கமாகத்தான் வந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். சப்பாத்துகள் என்னைத் தாண்டிப் போயின.

மகள் இரண்டு கடதாசிப் பைகளோடு வந்தபோது நான் அதே தூணில்தான் இருந்தேன். கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. பிறெற்செலை வாங்கிக் கடித்தபோது அதன் உப்பு சட்டையில் கொட்டியது. அவள் அதைத் தட்டிவிட்டாள். மண்டபத்தை ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னொருக்காப் போட்டு வரட்டோ? அம்மாவுக்கும் ஒண்டு வாங்கலாம்."

வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போட்டு வா," என்றேன். "நான் இதில நிக்கிறன்."