குடை என்ற சொல்லின் நான்கு மால்

காலை ஏழு மணிக்கு மதினி போன் செய்தபோது, குற்றாலத்தின் ஆறு அறைப் பேரரசனாகிய நான் என் லாட்ஜ் மொட்டைமாடியில் ஒரு குரங்கோடு போர் புரிந்துகொண்டிருந்தேன். விருந்தாளி ஒருவரின் பற்பசையை அது தூக்கிப் போயிருந்தது.

"தம்பி, அங்கன நாற்காலி ஒரு பத்து கெடக்குமா? வண்டில ஏத்தி விடுதீகளா?" என்றார் மதினி. வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொல்வது யார், யாரிடம், எந்த வீட்டிலிருந்து, எந்த நேரத்தில் என்ற நான்கும் தெரிந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? மதினியின் கணவர், கோமதிநாயகம் அண்ணாச்சி, போய்விட்டார்.

தென்காசியில் ஒரு சென்ட் நிலமாவது வாங்கிய உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். பூமியில் அவர் எழுத்தில் கைமாறாத இடம் கடல் மட்டும்தான். அதை விற்கவும் யாராவது வந்திருந்தால் எழுதியிருப்பார். ஒரு நிலத்துக்கு வடக்கே எது, தெற்கே எது, கிழக்கிலும் மேற்கிலும் யாருடையது என்று எல்லை சொல்வதைப் பத்திரத்தில் மால் என்பார்கள். அதை எழுதாமல் அவர் பேனா நகராது. "மால் இல்லாத நெலம் கொடியில கெடக்க துண்டு மாதிரிலே. எவன் வேணும்னாலும் உருவிட்டுப் போவான்" என்பார்.

ஐம்பத்தெட்டு வயதில் அவர் சம்ஸ்கிருதம் படிக்கப் புகுந்தார். பக்தியால் அல்ல. அந்த மொழியில் ஒரே சொல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு பொருள் இருக்கும் என்று யாரோ மேசையருகே பெருமையடித்தார்கள். கேட்டவர்கள் வியந்தார்கள், அண்ணாச்சிக்கு மட்டும் கவலை வந்துவிட்டது. "அப்பம் அதுக்கு மால் போடாமலா இருந்திருப்பாக?" வில்லங்கம் பார்ப்பதற்காக ஒரு மொழியையே படித்த மனிதர் மூவுலகிலும் அவர் ஒருவரே.

ஒன்பது வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரலில் நனைந்தபடி என் லாட்ஜுக்கு வந்து வாசலிலேயே கூவினார். "ஏலே, மால் இருக்குலே! அப்பமே எழுதி வச்சிருக்காக!" பழைய இலக்கணக்காரர்கள் பட்டியலே போட்டிருக்கிறார்களாம். சொல்லோடு எது சேர்ந்து வருகிறது, எது பிரிந்து நிற்கிறது, எதற்கு எதிராக நிற்கிறது, என்ன சந்தர்ப்பம், எந்த இடம், எந்தக் காலம் என்று. ஹரி என்றால் விஷ்ணு. சிங்கமும் ஹரிதான், குரங்கும் ஹரிதான். சங்கு சக்கரத்தோடு ஹரி என்றால் விஷ்ணு. சங்கு சக்கரம் இல்லாத ஹரி என்றாலும் விஷ்ணுவே. வைத்திருந்தவனைத்தானே இல்லாதவன் என்று சொல்ல முடியும்? இதை அவர் விளக்கி முடிப்பதற்குள் என் குரங்குப் பிரஜைகளில் ஒன்று அவர் கைவடையைப் பறித்துக்கொண்டு சுவரேறியது. அண்ணாச்சி அதை அண்ணாந்து பார்த்தார். "இந்த ஹரிக்குச் சங்கும் இல்ல, சக்கரமும் இல்ல. என் வடைதாம் இருக்கு."

இன்னொரு ஞாயிறு சைந்தவம் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அது உப்பு, சிந்து தேசத்துக் குதிரையும் அதுவே. சாப்பிடுகிறவன் சைந்தவம் கொண்டுவா என்றால் உப்பு, பயணம் கிளம்புகிறவன் சொன்னால் குதிரை. சும்மா இருப்பது என் குலவழக்கமல்ல. "சாப்பிட்டுக்கிட்டே கெளம்புதவன் சொன்னா, அண்ணாச்சி?" என்றேன். முகம் சுருங்கிப் போனவர், அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பதிலோடு இறங்கினார். "தப்பாக் கொண்டாந்தா அவன் திரும்பக் கேப்பாம்லே. வாய் இருக்குல்லா?"

போன சித்திரையில் பக்கவாதம் அந்த வாயை எடுத்துக்கொண்டது. வலது கை போயிற்று, எழுத்து போயிற்று, பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. குடை. காபி வேண்டுமென்றாலும் குடை, வலித்தாலும் குடை. ஏன் அந்தச் சொல் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. இப்படி ஒன்று மட்டும் தங்கிவிடுவது உண்டாம். மற்றவை திரும்புவது கடினமாம்.

நான் கலங்கவில்லை. கோமதிநாயகம் அண்ணாச்சியின் சீடகோடிகளில் ஒருவனான எனக்கா குடை புரியாது? இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு குடைக்கும் மால் எழுதினேன்: யாரைப் பார்த்துச் சொன்னார், எங்கே கிடந்து, எந்த நேரத்தில், பக்கத்தில் என்ன இருந்தது. "ஒங்க ஆராய்ச்சியக் கொஞ்சம் நிறுத்துதீகளா? பாத்ரூம் போணும்னு கேக்காகளோ என்னமோ" என்று மதினி பெட்பேனைத் தூக்கிக்கொண்டு வருவார். அவருக்கும் புரியவில்லை. நாற்பது பக்கம் எழுதிய பிறகு நான் தீர்ப்பு வழங்கினேன். சாயங்காலக் குடைகள் எல்லாம் மேற்கு ஜன்னலைப் பார்த்தவை. ஜன்னலுக்கு வெளியே மலை. அண்ணாச்சி குற்றாலத்துக்கு வரக் கேட்கிறார்!

மதினி வேண்டாம் என்றார். நான் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அருவிக்கு எதிரே, கூட்டம் இல்லாத ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சாரல் விழுந்தது. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, "குடை" என்றார்.

ஆகா! மழையில் நனைகிற மனிதர், பக்கத்தில் இருப்பவனிடம், அவன் கையில் குடை இருக்கும்போது, குடை என்கிறார். இப்படி ஒரு மால் எந்தப் பத்திரத்திலும் அமைந்ததில்லை. வெற்றிக்கொடி ஏற்றுவதுபோல் விரித்துப் பிடித்தேன். இடது கையால் அவர் அதைத் தட்டிவிட்டார். அது உருண்டு ஓடையில் விழுந்தது.

"குடை. குடை." என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். இடது கையில் அவ்வளவு பலமா என்று இருந்தது.

"வீட்டுக்குப் போவமா? குளுருதா? மதினியக் கூப்பிடவா? வலிக்கா, அண்ணாச்சி? பயமா இருக்கா?"

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். பொறுமையாகத்தான் அசைத்தார். எனக்குத்தான் பொறுமை போயிற்று. ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இவர் கண்ணில் தண்ணீர் வருகிறது, எனக்குக் கேட்பதற்கு வேறு சொல் இல்லை. "புரிஞ்சிட்டு அண்ணாச்சி. புரிஞ்சிட்டு. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சட்டையை விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் இருந்தார். அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். மருந்து, அசதி என்றார்கள். அப்படியும் இருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பின் மதினி எதிரே வந்து உட்கார்ந்தார். "தம்பி, ஆட்டோக்காரத் தம்பி சொன்னாரு. அருவிக்கரையில ஒங்ககிட்ட என்னமோ சொன்னாகளாம், ஒங்களுக்குப் புரிஞ்சிட்டாம். எங்கிட்ட ஏன் சொல்லல? என்ன சொன்னாக?"

பொய் எனக்குத் தாய்மொழி. உங்களை நினைத்துக் கலங்குவதாகச் சொன்னார், உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று பத்து வாக்கியங்கள் வரிசையில் நின்றன. எதைச் சொல்லியிருந்தாலும் அந்த அம்மாள் நம்பியிருப்பார். மிச்ச நாட்களை அதை வைத்தே ஓட்டியிருப்பார்.

"புரியல, மதினி. புரிஞ்ச மாதிரிச் சொன்னேன்."

"நானும் அவுககிட்ட அப்படித்தாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று மதினி எழுந்து உள்ளே போனார்.

அண்ணாச்சியை அறிந்தவர்களே, அவருடைய மேசையையும் புத்தகங்களையும் யார் யாரோ கேட்டு வாங்கிப் போனீர்கள். நல்லது. என் பங்குக்கு அந்தக் கை இருக்கிறது. சட்டையைப் பிடித்திருந்த கை அல்ல. விட்டுவிட்ட கை.