இடுப்புக்குக் கீழே ஒரு சுவர்

காலை ஏழு இருபதுக்கு நான் முதலில் பார்த்தது, வகுப்பறைச் சுவரோரம் மண்டியிட்டிருந்த ஓர் ஆசிரியையை. இலங்கையில் றக்வானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் ஒழுகும் கூரையைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். அவர் முதலாம் தரத்துக்குக் கற்பிப்பவர். மெலிந்தவர், சேலையில் முழங்கால் படும் இடம் மட்டும் வெளுத்திருந்தது.

பிள்ளைகள் பேசுவதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, அவர்களின் கண் உயரத்தில் ஒட்டுவது அவர் வழக்கம். "மழ பேஞ்சா அம்மாவ அட்ட கடிக்கும்" என்றது ஒரு தாள். கீழே, அதைச் சொன்ன பிள்ளையின் பெயர். இடுப்புக்கு மேலே சுவர் வெறுமையாக இருந்தது.

மறுநாள் கல்வி அதிகாரிகள் வருவதாக இருந்தது. அதிபர் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கொஞ்சம் மேல ஒட்டுங்க. வகுப்புல ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

"சேர், மேல ஒட்டுனா பிள்ளைங்க ஏணி வச்சா வாசிக்கும்?"

"அப்ப வர்றவங்க?"

"குனியட்டுங்க."

"கட்டையான ஆளாப் பாத்து அனுப்பச் சொல்றேன்" என்று அதிபர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஏதாச்சும் எழுதினா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சேர்" என்றபடி அவர் அடுத்த தாளுக்குப் பசை தடவினார்.

அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் போனேன். தாள்கள் அதே உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு வரியின் கீழும், சின்ன விரல்கள் ஓடிய அழுக்கு ஒரு கோடாகப் படிந்திருந்தது.