பாலம் ஏறும் வாய்வு

எங்கள் லாலாகூடா ரயில் பட்டறை மருந்தகத்தில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். குட்டை ஆள், கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. யாரைத் திட்டினாலும் கையிலிருக்கும் மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே திட்டுவார். கோபம் ஏற ஏற மருந்து நன்றாகக் கலக்கும்.

அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால், நாங்கள் வேலைக்கு வரும் மேம்பாலம் தெரியும். பாதிப் படியில் என் நெஞ்சை இடுக்கியால் பிடித்து முறுக்கியதுபோல் இருக்கும். நின்று, என்ஜின்களை ரசிப்பதுபோல் நடிப்பேன். பத்து வருஷமாக என்ஜின் பாய்லரைத் தட்டுகிறவன் ரசிக்கிற அழகு! இதயக் கோளாறு என்று டாக்டர் எழுதினால் பாய்லர் வேலை போய்விடும். அதனால் வாய்வு மருந்து கேட்டுப் போனேன்.

"வாய்வா? ஏறினா வருது, நின்னா விடுது. உன் வாய்வுக்குப் படிக்கட்டு தெரியுமாய்யா? காய்கூ? எதுக்குய்யா இந்தப் பொய்?" புட்டி குலுங்கியது.

"டாக்டர்கிட்ட சொல்றது நக்கோ, வேணாம் சார். வேலை போயிடும்."

"நீயே போயிட்டா, வேலை தனியா இருந்து என்னய்யா பண்ணும்?"

டாக்டரிடம் சொல்லியேவிட்டார். நாக்கடியில் வைக்க மாத்திரை தந்து, சுத்தியலைப் பிடுங்கி, பட்டறை வாசலில் வருகை டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். அந்தத் துரோகி ஓய்வுபெற்ற நாளில்கூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்றும் அவரை நினைத்தால் கோபம் பொங்குகிறது. பொங்கினால் படி ஏறாமலே நெஞ்சு இறுகுகிறது. உடனே அதே மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு, அது கரையும்வரை அவரை வாய்விட்டுத் திட்டவும் வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.